சப்பாத்துப் பெட்டியும் சன்னக் குரலும்

நம்மவர் இல்லங்கள் பலவற்றில் வானொலிப் பெட்டி இருந்த இடத்தை இன்று டெப் கணினி பிடித்துக்கொண்டது. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் முகங் காட்டுவதும் அதிலேதான். முகம் தெளிவாகத் தெரிகின்றது. குரல்தான் சன்னமாய் எங்கோ போய்விடுகின்றது. மெல்லிய அக்கருவியுள் ஒலிபெருக்கிக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. அதன் வாயும் பெரும்பாலும் விளிம்பையோ முதுகையோ நோக்கியிருக்கும். பேசுபவர் நம்மைப் பார்த்துப் பேச, குரல் சுவரைப் பார்த்துப் போகின்றது.

என் தாயார் 75 வயதைக் கடந்தவர். பேரன் பேசும்போதெல்லாம் தலையசைத்துப் புன்னகைப்பார். முடிந்ததும், "தம்பி, அவன் என்ன சொன்னவன்?" என்று என்னைக் கேட்பார். மார்கழியில் வருவதாக அவன் சொன்ன அன்றும் அதே புன்னகைதான். ஒலியைக் கூட்டினாற் கருவி இரைந்ததேயன்றிச் சொல் விளங்கவில்லை.

முதுமையில் முதலிற் குன்றுவது உயர்ந்த சுருதியைக் கேட்கும் ஆற்றல். கல்லென்ற சொல்லைப் பல்லினின்று பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் கூர்மை பெரிதும் அவ்வுயர் ஒலிகளிலேதான் தங்கியுள்ளது. செக்கனுக்கு 3000 அதிர்வுகளுடைய ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 11 சதமமீற்றர். 100 அதிர்வுகளுடையதற்கோ 3.4 மீற்றர். ஒரு சாண் மட்டை முன்னதைத் தடுத்துத் திருப்பிவிடும். பின்னது அதனை வளைந்து கடந்துவிடும். ஆகவே மிருதங்கத்தின் தொப்பியை மட்டையால் மீட்டுத்தர இயலாது, சொல்லை மீட்டுத்தரலாம்.

பழைய சப்பாத்துப் பெட்டியொன்றை எடுத்தேன். கணினி சாய்ந்து நிற்கப் பெட்டியில் ஒரு நீள் வெட்டு. ஒரு சாண் அகலமான மட்டையை வளைத்து, ஒலித்துவாரத்தினின்று வருவது கேட்பவர்பால் திரும்புமாறு பக்கத்தில் ஒட்டினேன். ஒற்றை மட்டை தானும் அதிர்ந்தமையால் அப்பியாசக் கொப்பி மட்டையொன்றை மேலே ஒட்டித் தடிப்பாக்கினேன். ஒலிவாங்கியின் ஊசித்துளையை மட்டும் மூடலாகாது. மூடினால் நம் குரல் அவர்களுக்குக் கேளாது.

என் மகளுக்கு இதிற் திருப்தியில்லை. பித்தளைக் கிண்ணமொன்றின் வாயிலே ஒலித்துவாரத்தைப் பொருத்திப் பாட்டு வைத்தாள். நிறைவாகத்தான் இருந்தது! வீணைக்குக் குடம் வேண்டியிருப்பது சும்மாவா? ஆனால் கிண்ணத்துக்கென ஒரு சுருதி உண்டு. அதனை வரும் ஒலிக்கெல்லாம் பூசிவிடும். பாட்டுக்கு அழகு சேர்த்த அப்பூச்சு, பேச்சைக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆக்கிற்று. உள்ளே பருத்தித் துணியிட்டபின் சற்றுக் குறைந்தது. இப்போது பாட்டுக்குக் கிண்ணம், பேச்சுக்குப் பெட்டி என்று வீட்டில் உடன்படிக்கை.

சென்ற ஞாயிறு பேரன் ஏதோ பகிடி சொல்ல, என்னை முந்திக்கொண்டு தாயார் சிரித்தார். பதிலுக்கு அவனை ஏசவுஞ் செய்தார். மாரி தொடங்கியதும் மட்டை ஈரமுறிஞ்சி நெகிழ்கின்றது. அதே அளவிற் பலாப் பலகையில் ஒன்று செய்து தருமாறு அயலிலுள்ள தச்சரிடம் கொடுத்திருக்கின்றேன்.