பச்சையில் ஒரு சிட்டிகை கறுப்பு

அண்ணன் போனது ஐப்பசி அடைமழையில். எங்கள் தொழிலில் ஐப்பசி, கார்த்திகை என்றால் யாரும் பெரிய வேலையைக் கையில் எடுக்க மாட்டார்கள். ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது. தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்துதான் அது இறுகும். வெயில் இல்லையென்றால் கல் கண்ணாடியை விடாது. எல்லாம் தெரிந்த மனிதர், அந்த மாதம் பிடிவாதமாக 22 கல் போட்டுத் தொட்டியில் இறக்கியிருந்தார். ஒரு பழைய வீட்டின் வளவில் உடைந்த கற்களுக்கு மாற்று. தை மாதம் அந்த வீட்டில் கல்யாணம். "பொண்ணு நடக்குற தரைடா, ஓட்டை ஒடசலாவா விடுறது?" என்றார்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். என்னைவிட 6 வயது மூத்தவர். நான் பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்ட வருஷம், மானகிரியிலிருந்து ஆத்தங்குடிப் பட்டறைக்குச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனவர். "கணக்கு வராதவனுக்குத் தோதான வேலை. பூவுக்கு எத்தன இதழ்னு எண்ணத் தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லித்தான் அழைத்துப் போனார். சுத்தப் பொய். கலவைக் கணக்கு பத்தாம் வகுப்புக் கணக்கைவிடக் கடினம் என்று ஒரே வாரத்தில் தெரிந்துபோயிற்று.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். சதுரமாக வெட்டிய கண்ணாடித் துண்டைத் துணியால் துடைத்துத் தரையில் வைக்க வேண்டும். ஒரு தூசி இருந்தாலும் கல்லின் முகத்தில் குத்து விழும். அதைச் சுற்றி இரும்புச் சட்டம். உள்ளே, தகட்டைப் பூவாக வளைத்த அச்சு. மோரைவிடக் கெட்டியாக, தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்த நிறச் சிமென்டை அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றி, அச்சை நேரே மேலே தூக்க வேண்டும். கை ஒரு நூல் சாய்ந்தால் போதும், சிவப்பு மஞ்சளுக்குள் போய்விடும். பிறகு ஈரத்தை உறிஞ்சச் சிமென்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவை போட்டு, கரணையால் மட்டம். ஒரு நாள் நிழலில், பல நாள் தண்ணீரில், அப்புறம் வெயிலில். காயக் காயக் கண்ணாடி தானாக விட்டுக்கொள்ளும். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும்.

ஆக, வேலை செய்கிறவன் பார்ப்பது கல்லின் முதுகை மட்டும். முகம் கண்ணாடியோடு ஒட்டிக் கீழே கிடக்கிறது. என்ன போட்டோம் என்று நமக்கே தெரிய நாளாகும். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் கிளம்பிய சிமென்ட் பூக்கல்லை இரும்பு அச்சில் வைத்து அழுத்து இயந்திரத்தால் அமுக்கிச் செய்தார்கள். பார்சிலோனாவிலும் கியூபாவிலும் மொராக்கோவிலும் அந்த வழிதான். பர்மாவிலிருந்து தேக்கும் இத்தாலியிலிருந்து பளிங்கும் இறக்கிய செட்டியார் வீடுகளுக்கு, இங்கே உள்ளூர் மணலையும் ஒரு கண்ணாடித் துண்டையும் வைத்துக்கொண்டு நம் ஆட்கள் பூ விரித்தார்கள். இந்தக் கதையைச் சொன்னால் அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார், தானே கண்டுபிடித்த மாதிரி.

பட்டறையில் ரேடியோ ஓயாமல் பாடும். கண்ணதாசன் பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டச் சொல்வார். சிறுகூடல்பட்டிக்காரர், நம்ம பக்கத்து ஆள் என்ற உரிமை. அச்சு வேலைக்கும் கை வேலைக்கும் என்ன வித்தியாசம் என்று கட்டடக்கலை படிக்கிற ஒரு பெண் வந்து கேட்டபோது, "அச்சுல போடுறது மெட்டுக்குப் பாட்டு எழுதுறதும்மா. மெட்டு முன்னாடியே இருக்கு, அதுக்குள்ள நின்னு சொல்லணும். கையால போடுறப்ப மெட்டும் நம்மதுதான்" என்றார். அப்படியே என் பக்கம் திரும்பி, "மெட்டுக்குள்ள நிக்கத் தெரியாதவன் வெளிய போயி என்னத்தப் பாடுவான்" என்று ஒரு குத்து. நான் கை வேலை கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்த காலம் அது.

கை வேலைக்கு அச்சு கிடையாது. வெறுங்கண்ணாடிமேல் நிறத்தை விட்டு, கரண்டி நுனியால் இழுத்துச் சுழிப்பது. நிறம் இறுகத் தொடங்கிவிட்டால் இழுப்பு பிசிறும். அண்ணன் ஒரு மூச்சில் ஒரு பூ இழுப்பார். ஆனால் அவருடைய பெரிய வித்தை நிறம்தான். பழைய தரைக்கு மாற்றுக் கல் போடுவது புதுத் தரை போடுவதைவிடப் பாடு. தலைமுறை தலைமுறையாக நடந்து, துடைத்து, எண்ணெய் குடித்த பச்சைக்குப் பக்கத்தில் டப்பாவிலிருந்து வந்த பச்சையை வைத்தால் பல் கட்டின மாதிரி தெரியும். அண்ணன் பச்சையில் ஒரு சிட்டிகை கறுப்பு போடுவார். சிட்டிகை என்றால் எவ்வளவு என்று ஒருநாளும் சொன்னதில்லை. கலவையைப் புறங்கையில் தடவி, ஊதிக் காயவைத்துப் பார்ப்பார். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். ஈரத்தில் தெரிகிற நிறம் பொய், காய்ந்த பிறகு தெரிவதுதான் நிறம் என்பார். நானும் என் புறங்கையில் தடவிப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை.

எங்களுக்குள் சண்டையும் உண்டு. குஜராத் மோர்பியிலிருந்து வருகிற செராமிக் டைல்ஸில் எங்கள் பூவையே அச்சடித்து, அட்டைப் பெட்டியில் போட்டு, எங்கள் விலைக்குக் கீழே விற்கத் தொடங்கியபோது, நான் அதில் ஏஜென்சி எடுக்கலாம் என்றேன். ஒரு பெட்டியைக் கொண்டுவந்தும் காட்டினேன். அண்ணன் ஒன்றை எடுத்து, எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தார். எண்ணெய் மேலேயே நின்றது. "இது குடிக்காதுடா" என்று திருப்பி வைத்துவிட்டார். அதற்கப்புறம் நாலு மாதம் என்னோடு பேசவில்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வேலை. கரண்டி வேண்டுமென்றால் கையை நீட்டுவார், நான் கொடுப்பேன். ஏஜென்சி எடுத்திருந்தால் இன்று கையில் காசு இருந்திருக்கும், அதையும் மறைக்கவில்லை.

2014இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்த செய்தியை வாசித்துக் காட்டினேன். "பட்டியல்ல வீடு மட்டுமா, தரையும் உண்டா?" என்று கேட்டார்.

அந்த 22 கல்லுக்கு வருகிறேன். அந்த வளவில் இருந்த பூவுக்கு அச்சு கிடையாது. அந்தக் காலத்தில் யாரோ கையால் இழுத்தது. முகம் தெரியாத அந்த ஆளின் கை எப்படிப் போயிருக்கும் என்று யோசித்து அதேபோல இழுக்க வேண்டும். அண்ணன் இரண்டு நாள் அந்தத் தரையில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்து போட்டார். போட்டு முடித்த நாலாம் நாள் விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடியும்வரை மழை விடவில்லை. கற்கள் தொட்டியிலேயே கிடந்தன. அடுத்த வாரம் வெயில் அடித்தது. எடுத்து வெளியே சாத்திவைத்தேன். மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொன்றாகக் கண்ணாடி விட்டது. 21 கல் அந்தப் பழைய தரையிலிருந்து பெயர்த்து எடுத்தது போலிருந்தன. ஒன்றில் மட்டும் ஒரு இதழ் பிசிறியிருந்தது. அவர் இழுப்பு பிசிறி நான் பார்த்ததே இல்லை. எப்போதும் உபரியாக இரண்டு போடுகிறவர், இந்த முறை போடவில்லை. போட்ட அன்றைக்கே உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியவில்லை.

குறைந்த அந்த ஒரு கல்லை நான் போட்டேன். மூன்று முறை போட்டுக் கெடுத்து, நாலாவதுதான் தேறியது. வளவில் எது என்னுடையது என்று பதித்த கொத்தனாராலேயே சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியும், கறுப்பு ஒரு நுனி கூடிவிட்டது. பிசிறிய கல்லை மதினி கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அண்ணன் இருந்தால் இந்தக் கட்டுரையில் இதைத்தான் முதலில் எழுதச் சொல்லியிருப்பார். உங்கள் வீட்டில் ஆத்தங்குடித் தரை இருந்தால் ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். அது சிமென்ட், ஆசிட் பட்டால் முகம் அரித்துப்போகும். வெறும் தண்ணீரில் துடையுங்கள், எப்போதாவது துணியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். வீட்டை இடிக்கத்தான் போகிறீர்கள் என்றால், கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு எப்படியும் போய்விடும். தரையில் கடப்பாரை வைக்கும் முன் ஒரே ஒரு கல்லை முழுசாகப் பெயர்த்து ஆத்தங்குடியில் ஏதாவது ஒரு பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பூவைப் பார்த்து வைத்துக்கொள்கிறோம்.