9,288 கிலோமீட்டர்: யார் போட்ட கணக்கு?

மாஸ்கோவிலிருந்து விளாடிவோஸ்டாக் எவ்வளவு தூரம் என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். வான்வழியே குறுக்காகப் போனால் சுமார் 6,400 கிலோமீட்டர், ரயிலில் 9,288. விமானத்துக்கு எட்டரை மணி நேரம், ரயிலுக்கு ஆறு நாளுக்கும் மேல். இரண்டு தூரங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். வடக்கிலிருந்து தெற்காக இந்தியாவின் மொத்த நீளமே சுமார் 3,200தான். சைபீரியாவில் ஆறும் காடும் உறைநிலமும் வழிமறிக்கின்றன, ரயில் சுற்றிக்கொண்டுதான் போயாக வேண்டும் என்பது வழக்கமான விளக்கம். அதில் பாதிதான் சரி. அந்தப் பாதையின் கிழக்குக் கோடியிலுள்ள பெரிய வளைவு, அரசாங்கம் யோசித்துப் போட்ட வளைவு.

1891இல் வேலை தொடங்கியபோது ரஷ்யாவுக்கு அவசரம். சீத்தா நகரைத் தாண்டியதும் அமுர் ஆற்றை ஒட்டி வடக்கே வளைவதைவிடச் சீனாவின் மஞ்சூரியா வழியே குறுக்கே வெட்டிப் போவது பல நூறு கிலோமீட்டர் மிச்சம். அப்படியே ஹார்பின் வழியாகப் பாதை போட்டு 1903இல் ரயிலும் விட்டார்கள். அடுத்த ஆண்டே ஜப்பானுடன் போர், 1905இல் தோல்வி. அந்நிய மண்ணில் கிடக்கும் தண்டவாளத்தை நம்பிக் கிழக்குக் கரையைக் காப்பாற்ற முடியாது என்று புரிந்துவிட்டது. அதன்பின் சொந்த எல்லைக்குள்ளேயே நீளமான அமுர் பாதையைப் போட ஆரம்பித்து, 1916இல் கபரோவ்ஸ்க் நகரில் அமுர் மேல் கட்டிய பாலத்தோடு முடித்தார்கள். குறுக்குவழி கையில் இருந்தும் சுற்றுவழியைத் தேடிப் போனவர்கள் இவர்கள். இன்றைய பயணி ஆறு நாளைத் தாண்டி உட்கார்ந்திருப்பதில் அந்தத் தோல்விக்கும் பங்குண்டு.

அப்படியானால் வழியில் குறுக்கே கிடக்கும் பைக்கால் ஏரியை யார் போட்டார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே இயற்கைதான் தடுத்தது: முதலில் ரயில் பெட்டிகளைப் பனியுடைக்கும் கப்பலில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள், பிறகு ஏரியின் தென்கரைப் பாறைகளைக் குடைந்து பாதை அமைத்தார்கள். ஆனால் இயற்கை தடுத்த இடத்தைச் செலவு செய்து கடந்துவிட்டார்கள்; எல்லைக்கோடு தடுத்த இடத்தில்தான் விலகிப் போனார்கள். விமானம் வந்த பிறகு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. விமானத்திலும் அரசின் கை இருக்கிறது: தூரக் கிழக்கு மக்களுக்கு மானியக் கட்டணம் கொடுத்தால்தான் அந்த எட்டரை மணி நேரம் அவர்கள் கைக்கு எட்டுகிறது. கடிகாரமும் தப்பவில்லை. இரு நகரங்களுக்கும் நேர வித்தியாசம் ஏழு மணி நேரம். விளாடிவோஸ்டாக்கில் காலை பத்து மணிக்கு ஏறினால், எட்டரை மணி நேரம் பறந்த பிறகும் மாஸ்கோவில் காலை பதினொன்றரைதான். ஆனால் ரயில் நிலையங்களுக்கு நெடுங்காலம் அந்த வித்தியாசமே இருக்கவில்லை. 2018 வரை, வெளியே ஊர் மாலைக்குள் போய்க்கொண்டிருக்க, நடைமேடையிலும் பயணச்சீட்டிலும் மாஸ்கோ நேரம்தான். அத்தனை தூரத்திலும் தலைநகரை மறக்கவிடாமல் வைத்திருக்க இதைவிட மலிவான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

மாஸ்கோ இவ்வளவு பாடுபட்டு இழுத்துக் கட்டிய விளாடிவோஸ்டாக்கிலிருந்து சியோல் சுமார் 750 கிலோமீட்டர், டோக்கியோ ஆயிரத்துச் சொச்சம். சென்னையிலிருந்து அங்கே கப்பல் விடலாம் என்று 2019இல் இந்தியாவும் ரஷ்யாவும் பேசின. அந்தக் கடல்வழி சுமார் 10,300 கிலோமீட்டர். மாஸ்கோ ரயில் பாதையைவிட ஆயிரம் கிலோமீட்டர்தான் கூட.