இருட்டில் எங்கள் முகம்

கேமரா வாங்கப் போகிறேன் என்றதும் தோழர்கள் கேட்ட முதல் கேள்வி "எத்தனை மெகாபிக்சல்?" என்பதுதான். இரண்டாவது, விலை. எங்க மூஞ்சி அதுல தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. அதுவும் ராத்திரியில்.

ஏன் ராத்திரி என்றால், எங்கள் சனத்தின் உழைப்பில் பாதி ராத்திரியில்தான் நடக்கிறது. சித்திரை வைகாசியில் பண்ருட்டி பலா மண்டிக்கு வந்து பாருங்கள். பத்து கிலோ, இருபது கிலோ பழத்தைத் தோளில் போட்டு லாரிக்கு ஏற்றுகிறார்கள். சரக்கு விடிவதற்குள் கோயம்பேடு போய்ச் சேர வேண்டும். முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் ஒற்றை பல்புக்குக் கீழே பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துப்போய். சிதம்பரத்தில் ஆருத்ரா தேர் நிலைக்கு வந்தபிறகு கீழவீதியையும் மேலவீதியையும் கூட்டுகிறவர்களை யார் பார்த்திருக்கிறார்கள்? தேரைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள்.

வெளிச்சம் குறைவு என்பதும் இயற்கை அல்ல. ஊர்த்தெருவில் கம்பத்துக்குக் கம்பம் வெள்ளை விளக்கு. காலனியில் மூன்று கம்பத்துக்கு ஒன்று எரிந்தால் பெரிசு. மனு கொடுத்துக் கொடுத்துக் கை வலித்ததுதான் மிச்சம். அந்த இருட்டுக்குத் தக்க கேமரா தேட வேண்டியிருக்கிறது எனக்கு.

ஃபிளாஷ் போட்டு எடுத்தால் போச்சு என்பார்கள். ராத்திரியில் சேரிக்காரன் முகத்தில் திடீரென்று அடிக்கிற வெளிச்சம் எது? போலீஸ் டார்ச். கண்ணைச் சுருக்கி, கையை முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கிற அந்த நிற்பைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். ஃபிளாஷ் அடித்தால் அதே நிற்புதான் படத்திலும் விழும். வெள்ளைக்காரன் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதியாக 'இந்திய மக்கள்' என்று படப்புத்தகம் போட்டான். சாதிவாரியாக மனுசரை நிறுத்தி வைத்து எடுத்த மாதிரிப் படங்கள். அந்த நிற்பும் வேண்டாம், இந்த நிற்பும் வேண்டாம். ஆகவே ஃபிளாஷ் கிடையாது. மற்ற முடிவெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

பள்ளிக்கூட நாளில் ஸ்டுடியோவுக்குப் போனால் கண்ணாடிக்குப் பக்கத்தில் பவுடர் டப்பா இருக்கும். "நல்லா அப்பிக்கடா, இல்லேன்னா பல்லு மட்டுந்தான் தெரியும்" என்பார் அந்த ஆள். இது அவர் வாய்க்கொழுப்பு மட்டும் இல்லை. பிலிமுக்குள்ளேயே அது இருந்தது. 1950களிலிருந்து கோடாக் கம்பெனி படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட அட்டையை அனுப்பியது. 'ஷெர்லி அட்டை' என்று பேர். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி. கறுப்புத் தோல் எப்படி வந்தால் என்ன? சாக்லெட் வியாபாரியும் மர மேசை வியாபாரியும் தங்கள் சரக்கு சரியாக விழவில்லை என்று கத்தியபிறகுதான் கம்பெனி பிலிமைத் திருத்தப் பார்த்தது. 1980களில் புது பிலிம் வந்தபோது, மங்கிய வெளிச்சத்தில் கறுப்புக் குதிரை கூடத் தெளிவாக விழும் என்று பெருமை பேசினார்கள். கறுப்பு மனுசன் என்று சொல்ல வாய் வரவில்லை.

டிஜிட்டலில் அதெல்லாம் இல்லை, சென்சாருக்குச் சாதி தெரியாது என்றார் ஒரு நண்பர். இருக்கலாம். ஆனால் கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே பார்க்கும். டீக்கடை ட்யூப்லைட் படத்துக்குள் வந்துவிட்டால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து எல்லாவற்றையும் குறைத்துவிடும். கீழே நிற்கிற கறுத்த முகம் கரிக்கட்டை ஆகிவிடும். முகத்தை மட்டும் அளக்கச் சொன்னால் இன்னொரு கொடுமை, கறுப்பை இழுத்துச் சாம்பலாக்கி வெளுத்துத் தள்ளும். நான் முகத்தை மட்டும் அளந்து, ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவாக இறக்கி எடுக்கிறேன். இருட்டில் எடுக்கும் படத்தில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலும் நிழல் பகுதியில்தான் முதலில் தெரியும். வெளுத்த தோல் நிழலுக்கு மேலே தப்பித்துக்கொள்ளும். எங்கள் தோல் நிழலுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே மெகாபிக்சலை விட்டுவிட்டு நிழலைப் பார்க்க வேண்டும்.

போன் போதாதா? போன் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ராத்திரி எடுக்கும்போது பல படங்களை ஒட்டி ஒன்றாக்கும். அதற்குள் பழம் சுமக்கிறவர் நாலடி தாண்டியிருப்பார். சில போன்கள் கேட்காமலே முகத்தை மெழுகி வெளுப்பாக்கும். கறுத்த தோலைச் சரியாகக் காட்டுவோம் என்று கூகுள் கம்பெனி ஒரு போனை விளம்பரப்படுத்தியதே 2021-இல்தான். 36-க்கு 24 மில்லிமீட்டர் பெரிய சென்சார் கேமரா நல்லதுதான். ஆனால் விலையும் கனமும் அதிகம். அதை மாட்டிக்கொண்டு கடைசி ரயிலுக்குச் சிதம்பரம் ஸ்டேஷனில் நின்றால் 'எந்த பத்திரிகை?' என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். நடுவில் இருக்கிறது ஏபிஎஸ்-சி சென்சார். நான் எடுத்தது 2017-இல் வந்த ஃபியூஜி எக்ஸ்-இ3, செகண்ட் ஹேண்ட். அதோடு 35 மி.மீ. எஃப் 2 லென்ஸ். இரண்டும் சேர்த்து அரைக்கிலோ. ஜோல்னாப் பையில் புத்தகத்தோடு கிடக்கும். கேமராவோடு சேர்த்துத் தருகிற ஜூம் லென்ஸை முழுக்க இழுத்தால் எஃப் 5.6. இந்த லென்ஸ் அதைவிட எட்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். காசை லென்ஸில் போடுங்கள், தோழர்களே.

கை நடுக்கத்தை அடக்கும் வசதி இதில் இல்லை. இருந்தாலும் அது என் கையைத்தான் நிறுத்தும், சுமக்கிறவர் காலை நிறுத்தாது. அதற்கு 100-இல் ஒரு பங்கு நொடியாவது வேண்டும். ஐ.எஸ்.ஓ. 3200-க்கோ 6400-க்கோ போய்விடுவேன். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரும் இருக்கிறது. ஆனால் நம் கரண்டில் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிப்பதால் முகத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். சாதா ஷட்டர்தான். 'டக்' என்று கேட்டால் கேட்கட்டும், நான் கேட்டுவிட்டுத்தானே எடுக்கிறேன்! தெரியாமல் எடுப்பதுதான் தெருப்படக் கலை என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

வாங்குமுன் புதுச்சேரிக் கடையில் ட்யூப்லைட்டை அணைக்கச் சொன்னேன். கடைக்காரர் விநோதமாகப் பார்த்தார். டீ கொண்டுவந்த பையனை நிற்கச் சொன்னேன். "நான் வேணாண்ணா, கறுப்பா வுழுவேன்" என்றான். "அதுக்குத்தான் தம்பி, நில்லு" என்றேன். பின்பக்கத் திரையில் பெரிசாக்கிக் காட்டினேன். கன்னத்து வேர்வை, மீசை அரும்பு, எல்லாம் இருந்தது. எனக்கு ஒன்றும் சொல்லாமல் கடைக்காரரிடம், "நல்ல கேமராண்ணா" என்றான்.

கேமராவோடு விவகாரம் முடியவில்லை. மண்டியில் எடுத்த ஒரு படத்தைப் பிரிண்ட் போடக் கொடுத்தேன். லேபில் இருந்த தம்பி முகத்தை நன்றாக வெளுத்து வைத்திருந்தார். "ரொம்ப டார்க்கா இருந்துச்சி சார், நானே கரெக்‌ஷன் பண்ணிட்டேன்" என்றார், நல்லது செய்த முகத்தோடு. கரெக்‌ஷன் ஒன்றும் வேண்டாம், இருக்கிறபடி போடுங்கள் என்று சொல்லி இன்னொரு தடவை காசு கட்டினேன்.

அந்தப் படத்தில் இருக்கிற பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். லாரி முன்விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோள்ல காச்சுக் கெடக்கறது கூட வுழுந்துருக்குதேடா" என்றார். திருப்பூரில் இருக்கிற மகளுக்கு அனுப்ப இன்னொன்று கேட்டிருக்கிறார். நாளைக்கு எடுத்துப்போக வேண்டும்.