என் அக்கா மகன் மேடை ஏறின கதை



போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு, பந்தியில நான் சாம்பார் வாளியோட நின்னுக்கிட்டு இருந்தேன். ஒரு பையன் வந்து, "அங்கிள், நீங்க ஜிம்முக்கு எதிரியாமே?"ன்னு கேட்டான். விஷயம் என்னன்னா, கோயில் நோட்டீஸ் போர்டுல யாரோ ஒட்டியிருந்த ஒரு போஸ்டரை நான்தான் கிழிச்சேன். மூணே மாசத்துல கட்டழகன் உடம்பு, கேரண்டி, கீழே ஒரு வாட்ஸ்அப் நம்பர். கிழிச்சது தப்புன்னு இப்பவும் எனக்குத் தோணல. ஆனா ஏன் கிழிச்சேன்னு சொல்லணும். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

நான் ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்துல பிறந்து வளந்தவன். அப்பா பால்மரம் வெட்டினவர். விடியக்காலை பெரட்டு, அப்புறம் நிரை, பதினோரு மணிக்கு காண்டா கம்புல ரெண்டு வாளி நிறைய பாலைத் தூக்கிக்கிட்டு மேடு ஏறி ஸ்டோருக்கு வரணும். அவர் வலது தோள்ல கல்லு மாதிரி ஒரு காய்ப்பு இருக்கும். சின்ன வயசுல அதை அமுக்கிப் பாத்து விளையாடுவேன். ஆனா அவர் உடம்பைப் பாத்தா யாரும் கட்டுடம்புன்னு சொல்ல மாட்டாங்க. ஒல்லியா, கறுப்பா, வயிறு ஒட்டிப்போய் இருப்பாரு. பலம் வேற, பாக்க அழகா இருக்கிற உடம்பு வேறன்னு அப்ப எனக்குப் புரியல.

எங்களுக்கு அந்த ஆசை வந்தது எண்பதுகள்ல. லயத்து வீட்டுப் பின்னாடி, மாரியம்மன் கோயில் பந்தல் ஓரமா, நாங்க ஆறு பேரு "ஜிம்" வச்சிருந்தோம். பெரிய மைலோ டின் ரெண்டு, அதுல சிமெண்டு கரைச்சு ஊத்தி நடுவுல தண்ணி பைப்பைச் செருகிக் காய வச்சா அதுதான் பார்பெல். ஒரு பக்கம் எப்பவுமே கனமா இருக்கும். அதனால எனக்கு இன்னிக்கும் இடது கை கொஞ்சம் பெருசு. முட்டை வாங்க காசு இருக்காது, கச்சான் அவிச்சுத் தின்போம். சுவத்துல ஆர்னால்டு படம், பக்கத்துல ஆஞ்சநேயர் படம்.

அப்ப எங்க ஹீரோ மாலிக் நோர். ஆறு தடவை மிஸ்டர் ஆசியா பட்டம் வாங்கின நம்ம நாட்டுக்காரர். பேப்பர்ல அவர் படம் வந்தா வெட்டி எடுத்து சோத்துப் பருக்கை வச்சு நோட்டுல ஒட்டுவோம். மலாய்க்காரர், சீனர், தமிழர்னு எல்லாம் பாக்கல, அந்த முதுகைப் பாத்தா போதும். அவருக்கு அப்புறம் பத்துப் பகாட்ல இருந்து வந்த சஸாலி சமாட் பத்து தடவை உலகப் பட்டம் அடிச்சாரு. நம்ம மலாக்காவுக்கும் இதுல பங்கு உண்டு. ஜோங்கர் ஸ்திரீட்ல தசையெல்லாம் புடைச்சு நிக்கிற சிலையைப் பாத்திருப்பீங்க, சுற்றுப்பயணிங்க பக்கத்துல நின்னு கையை மடக்கி போட்டோ எடுப்பாங்க. அது டத்தோ விரா கான் பூன் லியோங். நம்ம ஊரு பாபா. மலேசிய உடற்கட்டுக் கலைக்குத் தந்தைன்னு அவரைச் சொல்லுவாங்க. பாதி பேருக்கு அவர் யாருன்னே தெரியாம போட்டோ எடுக்கிறாங்க.

தமிழருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நாம போடுற சாண்டோ பனியன் இருக்கே, அந்தப் பேரு யூஜின் சாண்டோங்கிற பயில்வான் பேரு. 1901-ல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல பெரிய உடற்கட்டுப் போட்டி நடத்தினவர் அவர்தான். கோயம்புத்தூர்ல உடம்பை ஏத்தி அதே பேரைப் பட்டமா வச்சுக்கிட்டவர்தான் சாண்டோ சின்னப்பா தேவர், எம்.ஜி.ஆரை வச்சுப் படம் எடுத்த தேவர் பிலிம்ஸ் முதலாளி. முருக பக்தின்னா அவருக்கு அப்படி ஒரு பக்தி. 1972-ல தெய்வம் படம் எடுத்ததும் அவர்தான். தண்டால் போட்ட கையும் சாமி கும்பிட்ட கையும் ஒரே கைதான். அதனால கோயில்காரன் ஜிம்முக்கு எதிரின்னு யாரும் சொல்லாதீங்க.

சரி, என் கதை. எஸ்.பி.எம். முடிச்சேன், தோட்டத்துல பால்மரத்தை வெட்டி செம்பனை போட்டாங்க, நாங்க டவுனுக்கு வந்தோம். பத்து பெரண்டாம்ல ஃபேக்டரி வேலை. மூணு ஷிப்டு, ஓ.டி., கல்யாணம், பிள்ளைங்க. மைலோ டின் எங்க போச்சுன்னே தெரியாது. முப்பது வருஷம் கழிச்சு அந்த ஆசை திரும்ப வந்தது என் அக்கா மகன் மூலமா.

அவனுக்கு அப்பா இல்ல. நான்தான் எல்லாம். 2015 பொங்கலுக்கு விக்ரம் நடிச்ச ஐ படம் வந்தப்ப அவன் ஸ்கூல் பையன். மிஸ்டர் தமிழ்நாடு ஆகணும்னு ஆசைப்படுற ஒரு பையன் கதை. தியேட்டர்ல இருந்து வெளிய வந்த உடனே, "மாமா, என்னை ஜிம்முல சேத்து விடுங்க"ன்னான். அந்தப் படத்துல வில்லத்தனமே ஒரு ஊசிலதான் இருக்கும். அதை அவனும் யோசிக்கல, நானும் யோசிக்கல.

ஆறேழு வருஷம் ஒழுங்கா செஞ்சான். அது உண்மையிலேயே அழகா இருந்துச்சு. சிகரெட் இல்ல, தண்ணி இல்ல, ராத்திரி பத்து மணிக்குத் தூக்கம். மாசி மகத்துக்கு சன்னாசிமலைக்கு ரதம் போறப்ப வடம் பிடிக்க முதல் ஆளா நிப்பான். நம்ம கோயில்ல பல்லக்கு தூக்குறப்ப அவன் நிக்கிற பக்கம் ஆடாது. எனக்குப் பெருமைன்னா பெருமை, ஃபேக்டரியில இருக்கிற பங்ளா பசங்களுக்குக்கூட அவன் போட்டோவைக் காட்டுவேன்.

முதல் கட்டழகர் போட்டிக்கு ஒரு வேன் பிடிச்சு பதினாலு பேரு போனோம், உருமி மேளத்தோட! அவன் மேடை ஏறின உடனே நம்ம பசங்க அடிச்ச அடியில பாட்டே கேக்கல. பாடிகாட் வந்து நிறுத்தச் சொல்லிட்டான். போட்டி பாக்காதவங்களுக்குச் சொல்றேன், அது சும்மா கையை மடக்கிக் காட்டுறது இல்ல. முதல்ல எடை பாத்துப் பிரிவு பிரிப்பாங்க. அப்புறம் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு, வயிறு, தொடைன்னு நீதிபதி சொல்ற நிலையில நிக்கணும். மூச்சைப் பிடிச்சு, சிரிச்சுக்கிட்டே. அதுல தொடை நடுங்கும். கடைசியில அவனவன் பாட்டுக்குத் தனியா போஸ். நம்மாளு நாலாவதா வந்தான். நாலாவதுக்கு ஒண்ணும் கிடையாது.

வேன்ல திரும்பி வரப்ப யாரும் கெட்ட எண்ணத்துல பேசல. "கொஞ்சம் சைஸ் பத்தலடா", "காலு இன்னும் ஏறணும்டா", "முதல்ல வந்தவன் தோளைப் பாத்தியா"ன்னு ஆளாளுக்குச் சொன்னோம். நானும் சொன்னேன். "அடுத்த வருஷம் கப்பு இல்லாம வராத மாப்ள"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அந்த வார்த்தை எனக்கு இன்னிக்கும் நெஞ்சுல முள்ளு மாதிரி இருக்கு.

அடுத்த வருஷம் அவனுக்கு ஒரு "கோச்" கிடைச்சான். பேரு வேணாம். ரெண்டாயிரம் வெள்ளி வேணும் மாமான்னு கேட்டான். எதுக்குன்னு கேட்டேன், சப்ளிமெண்ட்னான். புரதப் பவுடர் டின் விலை ஜாஸ்திதானேன்னு எண்ணிக் குடுத்தேன். நாலு மாசத்துல பையன் பலூன் ஊதின மாதிரி ஆனான். முதுகெல்லாம் பரு. முகம் உப்பி, சட்டுன்னு கோவம். அக்கா ஒருநாள், "தம்பி, இவன் ராத்திரியில மூச்சு வாங்குறாண்டா"ன்னுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எடை ஏறினா அப்படித்தாங்கா." முப்பது வருஷம் மெஷின் பாக்கிற சுப்பர்வைசர் நான். சத்தம் மாறினா நிறுத்திப் பாருன்னு தினமும் மத்தவங்களுக்குச் சொல்றவன்.

போட்டிக்கு மூணு நாள் முன்னாடி தண்ணியைக் குறைச்சான். கடைசி நாள் தண்ணியே இல்ல, கூடவே தண்ணி இறங்குற மாத்திரை. தோலுக்கும் தசைக்கும் நடுவுல ஈரம் இருந்தா கோடு தெரியாதாம். மேடைக்குப் பின்னாடி சாயம் பூசிக்கிட்டு நிக்கிறப்ப ரெண்டு தொடையும் கல்லா இறுகி அப்படியே சரிஞ்சான். கத்துறான், வயிறு இழுக்குது, விரல் எல்லாம் மடங்கிப் போச்சு. முன்னாடி ஹால்ல எங்க பசங்க அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டு இருக்காங்க, அடுத்தது அவன்தான்னு. அந்தக் கோச்சை அதுக்கப்புறம் நான் பாக்கவே இல்ல.

ஆஸ்பத்திரியில அவன் மூத்திரம் தே-ஓ நிறத்துல இருந்துச்சு. டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு, நம்ம தமிழ்ப் பொண்ணுதான். "இவருக்கு நீங்க யாரு?"ன்னு கேட்டுச்சு. தாய்மாமன்னு சொன்னேன். "அப்ப உங்களுக்குத் தெரியாமயா ஊசி போட்டாரு?" அதுக்கு என்ட்ட பதில் இல்ல.

அந்தப் பொண்ணு உக்கார வச்சு விளக்கமா சொன்னுச்சு. எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்றேன். தண்ணி மாத்திரை தண்ணியை மட்டும் எடுக்காது, உப்புச் சத்து, பொட்டாசியம் எல்லாத்தையும் கலைச்சு விட்டுரும். இதயம் ஒழுங்கா துடிக்கிறதே அந்தச் சத்தை வச்சுத்தான். தசை உடைஞ்சு ரத்தத்துல கலந்தா கிட்னி அடைக்கும், அதான் அந்த நிறம். ஊசி விஷயம் இன்னும் மோசம். ரத்த அழுத்தம் ஏறும், கெட்ட கொழுப்பு ஏறும், இதயச் சுவர் தடிக்கும். வெளியில இருந்து ஆண் ஹார்மோன் வர வர, உடம்பு தானா சுரக்கிறதை நிறுத்திரும், விதை சுருங்கும். ஊசியை நிறுத்தினா திரும்பச் சுரக்க மாசக்கணக்கு ஆகும்.

நான் அப்புறம் வீட்டுல உக்காந்து தேடிப் படிச்சேன். பிரான்சுக்காக ஆடின முகமது பெனாசிசான்னு ஒரு பெரிய வீரர், 1992-ல ஹாலந்துல போட்டி முடிஞ்ச அன்னிக்கே போயிட்டாரு, இதே தண்ணி வத்த வைக்கிற கதைதான். இன்னொரு பக்கம் வங்காளத்து மனோகர் ஐச். நாலடி பதினோரு அங்குலம்தான் உயரம். 1952-ல மிஸ்டர் யூனிவர்ஸ் பிரிவுப் பட்டம் வாங்கினாரு, வெள்ளைக்காரன் ஜெயில்ல போட்டப்பவும் உள்ளேயே பயிற்சி செஞ்சவர். நூறு வயசைத் தாண்டி வாழ்ந்து 2016-லதான் இறந்தாரு. டயனபால் மாத்திரை அமெரிக்காவுல விற்பனைக்கு வந்ததே 1958-லதான். சோறும் மீனும் பருப்பும் தின்னு வந்த உடம்பு அவருக்கு.

ஆறு நாள் வார்டுல இருந்தான். கிட்னி தப்பிச்சுச்சு, டயாலிசிஸ் இல்லாம. அது முருகன் புண்ணியம், அந்தப் பொண்ணு புண்ணியம். அக்கா என்னோட நாலு மாசம் பேசல. அது நியாயம்தான்.

ஆனா எல்லாரும் நினைக்கிற மாதிரி வீட்டுக்கு வந்த உடனே கதை முடியல. அதுக்கப்புறம்தான் ரொம்பக் கஷ்டம். உடம்பு வத்திப்போச்சு. சட்டை எல்லாம் தொளதொளன்னு. வேலைக்குப் போவான், வருவான், கதவைச் சாத்திக்குவான். கோயிலுக்கு ஒரு தடவை கூட்டிட்டு வந்தேன். அன்னிக்கு வாசல்லயே மூணு பேரு, "என்னடா ஆளே சுருங்கிட்ட?", "சீக்கா?", "ஜிம்மை விட்டுட்டியா?"ன்னு கேட்டுட்டாங்க. செருப்பைக்கூட கழட்டாம திரும்பிப் போயிட்டான். கேட்டவங்க யாரும் கெட்டவங்க இல்ல, இந்தப் போஸ்டைப் படிக்கிறவங்கதான். அதே வாய்தான் ஒரு வருஷம் முன்னாடி அவன் போட்டோவுக்குக் கீழே "சிங்கம்டா", "இன்னும் ஏத்துடா"ன்னு எழுதுச்சு. நானும் எழுதினேன், நெருப்புப் படத்தோட.

ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு அவன் நிமிர. டாக்டர் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாத்து, சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான் திரும்ப எடையைத் தொட்டான். இப்ப சாதாரணமா செய்றான். முட்டை, கோழி, பருப்பு, சோறு. புரதப் பவுடர் எப்பவாவது குடிப்பான், அது பால்ல இருந்து எடுக்கிறதுதான், அதைப் பாத்து யாரும் பயப்பட வேணாம். டாக்டர் சீட்டு இல்லாம வாட்ஸ்அப்ல வர்ற ஊசிக்கும் மாத்திரைக்கும்தான் நான் போஸ்டரைக் கிழிச்சேன். இனிமேலும் ஒட்டினா கிழிப்பேன், கமிட்டிக்கிட்ட சொல்லிட்டேன்.

இதெல்லாம் எழுதலாமான்னு அவன்கிட்டதான் கேட்டேன். "பேரு போடாம எழுதுங்க மாமா, கேக்கிறவனுக்கு நானே சொல்றேன்"னான்.

அப்புறம் ஒரு விஷயம். திருவிழாவுக்குப் பல்லக்கு தூக்க பதினாறு பேரு வேணும், இதுவரைக்கும் பதினொண்ணுதான் பேரு குடுத்திருக்காங்க. உயரம் முக்கியம், குட்டையும் நெட்டையும் கலந்து நின்னா சாமி சாயும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மண்டபத்துல வெறும் கொம்பை வச்சுப் பழகுறோம். அளவு டேப்போட என் மருமகன் நிப்பான். பின்பக்கம் வலது கொம்பு மட்டும் கேக்காதீங்க, அது அவனுக்கு.