நீர் புகுந்த வழி

மழை இறைவனின் ரஹ்மத். பருவமழை பொய்த்த ஆண்டுகளில் கண்மாயும் கிணறும் வறண்டு கிடந்ததைக் கண்ட கன்னிவாடி மக்களுக்கு இதனை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஐப்பசி பிறந்து மலைப்பக்கம் கருக்கத் தொடங்கினால் ஊரே மகிழ்ச்சியில் திளைக்கும். எனினும், அதே நீர் வேண்டாத இடத்தில் புகுந்துவிட்டால் ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் குலைத்துவிடும். வீட்டுக் கூரை ஒழுகுவதை நாம் அனைவரும் அறிவோம். காரின் பின்புறச் சாமான் பெட்டி, அதாவது டிக்கி, ஒழுகிய செய்தியையும் அதனால் எங்கள் இல்லத்தார் அறிந்துகொண்டவற்றையும் வாசக சகோதர சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

எங்களுடையது கூட்டுக் குடும்பம். அண்ணன் வாங்கிய பழைய கார் ஒன்றை வீட்டார் அனைவரும் பயன்படுத்தி வருகிறோம். அம்மாவுக்கு நெடுநாளாக இளைப்பு நோய் உண்டு. மாதந்தோறும் அவரைத் திண்டுக்கல்லுக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அந்தக் காரின் முதன்மையான பணி. சென்ற மழைக்காலத்தில் காருக்குள் ஒரு புழுங்கிய வாடை வீசத் தொடங்கியது. காரில் ஏறிய சற்று நேரத்திலேயே அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, ஸ்டெப்னிச் சக்கரம் வைக்கும் குழியில் நான்கு விரற்கடை உயரத்திற்கு நீர் தேங்கியிருந்தது. ஜாக்கி துருவேறியிருந்தது. விரிப்பின் அடியில் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்குவதற்கில்லை. ஈரமும் பூஞ்சணமும் நிறைந்த காற்றைச் சுவாசிப்பது இளைப்பு நோயை மோசமாக்கும் என்பதால், உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் கட்டடங்களின் ஈரம், பூஞ்சணம் குறித்துத் தனியாகவே ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. வீட்டுக்குப் பொருந்துவது, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நால்வர் நெருங்கி அமரும் காருக்கும் பொருந்தத்தானே செய்யும்!

பழி விழுந்த இடம்

நீர் எப்படி வந்தது என்ற கேள்வி எழுந்ததுமே, விடையும் உடன் வந்துவிட்டது. காரை ஓட்டுவதும் கழுவுவதும் அக்காள் மகன்தான். "இவன் குழாயைப் பிடித்து விளையாட்டாகக் கழுவுகிறான், டிக்கியைச் சரியாக மூடுவதுமில்லை" என்றார் அண்ணன். பையன் மறுத்துப் பேசவில்லை. சாவியை மாடத்தில் வைத்துவிட்டு வெளியேறினான். அதன்பின் காரைத் தொடவேயில்லை. மாமாவோடு ஒரே ஸஹனில் அமர்ந்து உண்பதையும் தவிர்த்தான். அக்காவின் முகம் வாடியது. அம்மாவோ, "கார் போனால் போகட்டும் தம்பி, பிள்ளையின் மனம் நோகலாமா?" என்று என்னிடம் கலங்கினார்.

பட்டறை ஒன்றில் காட்டினோம். ரப்பர் பீடிங்கைச் சுற்றிலும், பின் கண்ணாடியின் ஓரத்திலும் பசையை அப்பித் தந்தார்கள். அடுத்த மழையில் குழி மீண்டும் நிறைந்தது. "பழைய வண்டி, ஹஜ்ரத். விற்றுவிடுங்கள்" என்பது அடுத்து வந்த ஆலோசனை. விற்றிருந்தால் கார் போயிருக்கும். பழி மட்டும் பையனிடமே தங்கியிருக்கும். ஆகவே, மதரஸா விடுமுறையில் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்கினேன். மருமகனையும் வற்புறுத்தி உடன் அழைத்துக்கொண்டேன்.

நீரின் இயல்பு

கசிவைத் தேடுவோர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நீர் தேங்கும் இடம் வேறு. அது நுழையும் இடம் வேறு. கிண்டியிலிருந்து மெதுவாக நீரைச் சாய்த்துப் பாருங்கள். நேராகக் கீழே விழாமல், மூக்கின் அடிப்பக்கமாகப் பின்னோக்கி ஓடி, கிண்டியின் வயிற்றோரமாக வழியும். பரப்பைப் பற்றிக்கொண்டு செல்வது நீரின் இயல்பு. காரிலும் அவ்வாறே. ஒரு மூலையில் நுழைந்த துளி, தகரத்தின் மடிப்பைப் பற்றிக்கொண்டு முழக்கணக்கில் பயணம் செய்து, முற்றிலும் வேறோர் இடத்தில் சொட்டும். எல்லாம் இறுதியில் பள்ளமான ஸ்டெப்னிக் குழியை வந்தடையும். குழியை மட்டும் பார்த்தவர் எதையும் அறிய மாட்டார்.

டிக்கிக்குள் நீர் புகக்கூடிய வாயில்கள் பல. மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெயிலில் இறுகி நெளிந்திருக்கலாம். பின் விளக்குகளின் உட்புறத்தில் உள்ள மெத்தை போன்ற அடைப்பு பொடிந்திருக்கலாம். பின் கண்ணாடியின் ஓரம், தகரங்கள் ஒன்றோடொன்று சேரும் இணைப்பு, நம்பர் பலகையின் திருகுத் துளைகள், ஆன்டெனாவின் அடிப்பாகம் ஆகியவையும் ஐயத்திற்குரியவையே. பலரும் அறியாத இன்னொன்றும் உண்டு. கதவைச் சாத்தும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்காகப் பல கார்களில் பின் பம்பருக்குள் மறைவாக ரப்பர் மடல்கள் கொண்ட திறப்பு இருக்கும். அதன் ஓரம் விலகினாலும் நீர் உள்ளே வரும்.

தேடிய முறை

முதலில் விரிப்பு, ஸ்டெப்னி, ஜாக்கி அனைத்தையும் வெளியே எடுத்து வெயிலில் பரப்பினோம். குழியின் நீரை இறைத்து, துணியால் துடைத்து, ஈரம் முற்றிலும் போகும்வரை காத்திருந்தோம். ஈரமான இடத்தில் புதிய ஈரத்தை அடையாளம் காண இயலாது அல்லவா? பின்னர், மதரஸாவில் மிஞ்சிய சாக்பீஸ் துண்டுகளைப் பொடித்து, டிக்கியின் உட்சுவர்களில் மெல்லத் தூவினோம். துளி ஓடினால் அந்த வெண்மையில் அதன் தடம் தெரிந்துவிடும்.

மெல்லிய தாள் ஒன்றைப் பீடிங்கின்மீது வைத்து மூடியைச் சாத்தி, தாளை இழுத்துப் பார்த்தோம். இறுகப் பிடித்தால் பீடிங் நன்றாக அழுந்துகிறது என்று பொருள்; வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது என்று பொருள். சுற்றிலும் தாள் இறுகவே நின்றது. டிக்கி சரியாகவே மூடுகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. மருமகனின் முகத்தில் முதன்முறையாகத் தெளிவு தோன்றியது.

அடுத்தது நீர்ச் சோதனை. பின் இருக்கையின் சாய்மானத்தைக் கழற்றி, பயணிகள் அமரும் பகுதியிலிருந்தே டார்ச் விளக்கால் டிக்கிக்குள் பார்க்கும்படி மருமகனை அமர்த்தினேன். இங்கே ஓர் எச்சரிக்கை. எக்காரணம் கொண்டும் எவரையும், குறிப்பாகச் சிறுவர்களை, டிக்கிக்குள் வைத்து மூடிச் சோதிக்கக் கூடாது. அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டுக் கோடையில் மூன்று வார காலத்திற்குள் 11 குழந்தைகள் கார் டிக்கிகளில் அகப்பட்டு உயிரிழந்தார்கள். அதன் விளைவாக, 2001 செப்டம்பர் முதல் அங்கே தயாராகும் கார்களின் டிக்கியில் உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் பழைய காரில் அத்தகைய வசதி இல்லை.

குழாயைத் திறந்து, வேகமின்றி நீரை வழியவிட்டேன். கீழிருந்து மேலாகச் செல்வதே முறை. மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒருங்கே நனைந்துவிடும். எந்த வாயில் குற்றவாளி என்று பிரித்தறிய முடியாது. பம்பர் மட்டத்தில் ஐந்து நிமிடம்; உள்ளே மாற்றமில்லை. நம்பர் பலகையில் ஐந்து நிமிடம், மாற்றமில்லை. இடப்புறப் பின் விளக்கின்மீது நீர் விழுந்த இரண்டாம் நிமிடத்தில், "மாமா! தடம் தெரிகிறது" என்று மருமகன் கூவினான். விளக்கின் மேல் மூலையில் தோன்றிய கோடு, தகரத்தின் மடிப்பு வழியாகவே வளைந்து சென்று, ஸ்டெப்னிக் குழியின் வலப்புறத்தில் இறங்கியது. அந்த வலப்புறத்தைத்தான் பட்டறையில் பசையால் மெழுகியிருந்தார்கள்!

அண்ணனை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகனின் தோளில் கைவைத்து, "நாளை அம்மாவை நீயே அழைத்துப் போ" என்றார். இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

அடைத்த முறை

விளக்கைக் கழற்றியபோது, அதன் பின்புற அடைப்பு விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. எஞ்சியதைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தோம். அரும்பியிருந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பிரைமர் பூசி உலரவிட்டோம். விளக்கின் விளிம்பு முழுவதும் இடைவெளியின்றி பியூட்டைல் ரப்பர் நாடாவை ஒட்டிப் பொருத்தினோம். நட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஒரே மூலையை இறுக்கினால் மறுமூலை தூக்கும்; அளவு மீறினால் பிளாஸ்டிக் வெடிக்கும். சிலிக்கான் பசை பயன்படுத்துவோர் காடி வாடை வீசும் வகையைத் தவிர்ப்பது நல்லது. அதிலிருந்து வெளிப்படும் அமிலம், வண்ணமில்லாத தகரத்தை அரிக்கும்.

குழியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடியை அகற்றிவிட்டால் நீர் தானே வடிந்துவிடும் என்று சிலர் யோசனை கூறுவதுண்டு. அது ஆபத்தான வழி. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், புகைபோக்கியிலிருந்து வெளியேறும் புகை அங்கே சுழன்றுகொண்டிருக்கும். திறந்த துளை வழியாக அது உள்ளே வரக்கூடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆளை மயக்கி உயிரையும் பறிக்கும். நீர் புகும் துளை நச்சுக்காற்றும் புகும் துளையாகலாம் என்பதாலும் கசிவை அலட்சியம் செய்யலாகாது.

மறுநாள் மீண்டும் சாக்பீஸ் தூவி, கீழிருந்து மேல்வரை முழுச் சோதனையையும் திரும்பச் செய்தோம். ஒரு தடம் மறைந்தால் மற்றொன்று இல்லையென்று ஆகிவிடாது. தூள் வெண்மை குலையாமல் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்! பூஞ்சணம் பிடித்த விரிப்பை எறிந்துவிட்டுப் புதியது வாங்கினோம். கார்த்திகை மழையில் திண்டுக்கல் சென்று திரும்பிய அம்மா, வழியெல்லாம் சிரமமின்றிப் பேசிக்கொண்டே வந்ததாக மருமகன் கூறினான்.

இல்லங்களில் ஏதேனும் ஒன்று பழுதாகும்போது, பொருளைச் சோதிக்கும் முன்பே ஆளைத் தேடிவிடுகிறோம். அருகில் இருப்பவரும், வயதில் இளையவரும், எதிர்த்துப் பேசாதவருமே அதில் பெரும்பாலும் அகப்படுகிறார்கள். பழுதைப் பசை தடவி மறைக்கலாம். நொந்த மனத்தை அவ்வாறு மறைத்துவிட முடியாது. முதலில் ஈரத்தைத் துடைத்துவிட்டு, கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடமாகப் பொறுமையுடன் பார்ப்போம். நீர் புகுந்த வழி தெரிந்த பிறகு, யாரை என்ன சொல்வது என்று தீர்மானிக்கலாம். அப்போது பெரும்பாலும் எவரையும் எதுவும் சொல்லத் தேவையிராது.