சிபிசிடியும் ஒரு பி.காம். மாணவனும்

பி.காம். படிக்கிறவனுக்கும் பல் ஸ்கேனுக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேக்கலாம். 21 வயசாகியும் எனக்கு மேல் வரிசையில ஒரு பால்பல் விழவே இல்லை. 11, 12 வயசுல அங்க வந்திருக்க வேண்டிய கோரைப்பல் எலும்புக்குள்ளயே படுத்துக் கிடக்கு. பெரியப்பா பொண்ணு பல்சீரமைப்புல எம்.டி.எஸ். படிக்கிறாங்க. "உன் ஸ்கேனை வச்சு நானும் பழகிக்கறேன், நீயும் பாரு"ன்னு லேப்டாப்பைத் திறந்துட்டாங்க.

முதல்ல எடுத்த ஓபிஜி தட்டையான எக்ஸ்ரே. அதுல கோரைப்பல்லும் பக்கத்து வெட்டுப்பல்லோட வேரும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து தெரிஞ்சது. பல் உதட்டுப் பக்கமா, அண்ணத்துப் பக்கமா? வேரை அரிச்சிருக்கா? அதுல சொல்ல முடியாது. அதுக்குத்தான் சிபிசிடி. 1990களோட கடைசியில பல் மருத்துவத்துக்கு வந்த நுட்பம். கூம்பு வடிவ எக்ஸ்ரே கற்றை தலையைச் சுத்தி வரும். கம்ப்யூட்டர் அந்தப் படங்களையெல்லாம் சேர்த்து, 1 மி.மீ.க்கும் குறைவான குட்டிக் குட்டிக் கனசதுரங்களா அடுக்கிடும்.

திரையில மூணு ஜன்னல். மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து வெட்டின படங்கள். நாலாவதுல சுத்திப் பாக்கிற மாதிரி முப்பரிமாணத் தாடை. எனக்குப் பிடிச்சது அதுதான் :-)

"அது பாக்கத்தான்டா அழகு. அளவைக் கொஞ்சம் நகர்த்தினா மெல்லிசான எலும்பு காணாமப் போயிடும். விஷயம் வெட்டுப் படத்துலதான் இருக்கு"ன்னாங்க அக்கா.

சட்டுனு எனக்கு ஆடிட்டிங் பாடம் ஞாபகம் வந்தது. ஆண்டறிக்கையில இருக்கிற கலர் படம் வேற, வவுச்சர் வேற இல்லையா? ஒவ்வொரு வெட்டா நகர்த்தினோம். கோரைப்பல்லோட முனை அண்ணத்துப் பக்கம். வெட்டுப்பல் வேரோட ஓரத்துல ஒரு சின்னக் குழி. ஒரு ஜன்னல்ல மட்டும் பார்த்து அக்கா அதை ஒத்துக்கலை. அதே புள்ளியை மத்த ரெண்டுலயும் பார்த்த பிறகுதான் எழுதிக்கிட்டாங்க. அதோட விடவும் இல்லை. சைனஸ், தாடை மூட்டுன்னு படத்துல விழுந்தது எல்லாத்தையும் பார்த்தாங்க. கேட்டதை மட்டும் பார்த்தா கேக்காதது தப்பிச்சிடுமாம்.

கிளிப் போடுற எல்லாருக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை. ஓபிஜியை விடக் கதிர்வீச்சு அதிகம். பதில் தெரிஞ்சா சிகிச்சை மாறும்ங்கிற இடத்துலதான் எடுக்கணும்.

என் விஷயத்துல மாறிடுச்சு. அக்காவோட பேராசிரியரும் அந்தக் குழியைப் பார்த்தார். இனி தள்ளிப்போட வேண்டாம்னு சொல்லிட்டார். அடுத்த மாசம் அண்ணத்துல ஈறைத் திறந்து, பல்லுல சின்னச் சங்கிலி ஒட்டி, மெதுவா இழுக்கப் போறாங்க. பயம் இருக்கு. ஆனா மூணு ஜன்னலும் ஒத்துப்போன கணக்கு. நம்பலாம்னு தோணுது.