சாடையும் இடைச்சொல்லும்

மார்கழி 25

வாய் திறவாமல், உதட்டைக்கூட அசைக்காமல், உடலைக் கொண்டே ஒரு சொல்லையோ திரைப்படத்தின் பெயரையோ தன் அணியினருக்கு உணர்த்தும் விளையாட்டு, தமிழ்நாட்டு வீடுகளிலும் கல்லூரி விடுதிகளிலும் ‘டம்ப் ஷராட்ஸ்’ என்று வழங்குகிறது. இதில் உள்ள ‘ஷராட்’ என்பது பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் ஒருவகை விடுகதையின் பெயராக இருந்தது; ஒரு சொல்லைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே குறிப்புத் தந்து, இறுதியில் முழுச்சொல்லுக்கும் ஒரு குறிப்புத் தருவது அதன் முறை. ‘தாமரை’யைத் ‘தா’ என்றும் ‘மரை’ என்றும் பிரித்து, முன்னதற்கு நீட்டிய கையையும் பின்னதற்கு ஒரு மானையும் குறிப்பாகச் சொல்வதைப் போன்றது அது. 1815இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வில் ஷராட் தாளில் எழுதித் தரப்படும் விடுகதையாகவே இருக்கிறது, 1847இல் வெளிவந்த ஷார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ நாவலிலோ, மாளிகைக்கு வந்த விருந்தினர் ஒரு திருமணத்தையும் ஒரு கிணற்றடியையும் ஒரு கைதியையும் பேச்சின்றி நடித்துக்காட்டி, மணப்பெண்ணைக் குறிக்கும் ‘பிரைட்’, கிணற்றைக் குறிக்கும் ‘வெல்’ ஆகிய இரண்டும் சேர்ந்த ‘பிரைட்வெல்’ என்னும் சிறையின் பெயரை மற்றவர்களைக் கண்டுபிடிக்க வைக்கின்றனர்.

காணும் பொங்கலன்று மெரினாவில் திரளும் கூட்டத்துக்கு அஞ்சும் சென்னைக் குடும்பங்கள் உறவினர் வீட்டில் கூடுவதுண்டு. இங்குக் குறிக்கப்படும் தாம்பரத்து வீட்டுக்குச் சித்தப்பா குடும்பமும், மாடிவீட்டாரும், தலைப்பொங்கலுக்கு வந்திருக்கும் மகள், மாப்பிள்ளையோடு அத்தையும் வருவது உறுதியானதால், அன்றைய மாலைப் பொழுது இவ்விளையாட்டுக்கு ஒதுக்கப்பட்டது.

மார்கழி 27

விளையாட்டு சூடு பிடிப்பதும் படுத்துவிடுவதும் சீட்டு எழுதுபவரின் கையில் உள்ளது என்பதைப் பட்டியல் போட உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே வீட்டார் உணர்ந்தனர். ‘ஒரு தலை ராகம்’ (1980) உடலுக்கென்றே வைத்த பெயர் போன்றது. ஒரு விரல், தலையைத் தொடும் கை, தொடையில் போடும் தாளம் என்று மூன்று அசைவுகளில் முடிந்துவிடும். ‘மௌன ராக’மும் (1986) அவ்வாறே. ஆனால் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ (2010) என்பதை எழுதியவுடன், இது எத்தனை சொல் என்ற கேள்வி எழுந்தது. நடிப்பவர் முதலில் விரல்களை உயர்த்திச் சொற்களின் எண்ணிக்கையைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி; சேர்த்து எழுதினால் இரண்டு, பிரித்தால் மூன்று. அதைவிடப் பெரிய சிக்கல், ‘விண்’ணின் வாலில் தொங்கும் ‘ஐ’ உருபையும் ‘வருவாய்’ என்பதன் வாலில் தொங்கும் வினா ஆகாரத்தையும் எந்த உறுப்பால் காட்டுவது என்பது.

இச்சிக்கல் ஆங்கிலத்தில் விளையாடுவோருக்கு இந்த அளவுக்கு இல்லை. உருபுகளின் வேலையைச் செய்யும் அம்மொழியின் சிறுசொற்கள் பெரும்பாலும் தனித்து நிற்பவை. ஆகவே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெல்மணி அளவு இடைவெளியில் நிறுத்திக் காட்டினால் ‘சிறுசொல்’ என்று பொருள்படும் பொதுக்குறி ஒன்று அங்கே வழக்கில் உள்ளது. தமிழிலோ அவை பெயரோடும் வினையோடும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. தொல்காப்பியம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று வகுத்து, இவற்றுள் இடைச்சொல் தனித்து நடவாது, பெயரையும் வினையையும் சார்ந்தே நடக்கும் என்று கூறுவதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் பலர். அதன் பொருளைச் சீட்டு எழுதும்போது கண்ணால் காணலாம். பெயருக்குப் பொருளைச் சுட்டலாம், வினையைச் செய்தே காட்டலாம், பண்பையும் உணர்வையும் உணர்த்தும் உரிச்சொல்லுக்கு முகம் இருக்கிறது. இடைச்சொல்லுக்கு மட்டும் உடலில் இடமில்லை என்றே அன்று தோன்றியது. அதனால் இரு சுண்டுவிரல்களையும் கோத்துக் காட்டினால் ‘வாலில் ஏதோ ஒட்டியிருக்கிறது’ என்று கொள்ள வேண்டும் என வீட்டுக்கென ஒரு குறி புனையப்பட்டது.

எனினும் ‘பதினாறு வயதினிலே’ (1977) இக்கொள்கையைக் கேலி செய்கிறது. ‘வயது’ என்னும் பெயரோடு ‘இன்’ என்னும் சாரியையும், ‘இல்’ என்னும் ஏழாம் வேற்றுமை உருபும், ‘ஏ’ என்னும் இடைச்சொல்லும் வரிசையாக ஒட்டியிருந்தும், பத்து விரலையும் பிறகு ஆறு விரலையும் காட்டிய நொடியில் எவரும் முழுப்பெயரையும் சொல்லிவிடுவர். கண்டுபிடிப்பவர் இலக்கண வழியில் சொல்லைக் கட்டிக்கொண்டு வருவதில்லை. நினைவில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியை உருவி எடுக்கிறார். ஆகவே இலக்கணத்தால் கடினமானவை அல்ல, பாதி மறந்தவையே கடினமானவை என்று கருதி, கேள்விப்படாத படங்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. எளிதினும் எளிது என்று ஒருமனதாகச் சேர்க்கப்பட்டது ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002).

போகி

சோபாவைச் சுவரோரம் தள்ளி ஜமுக்காளம் விரிப்பது, ஓர் ஆட்டத்துக்கு இரண்டு நிமிடம் என்று கைப்பேசியில் வைப்பது, சீட்டுகளைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போடுவது ஆகியன தவிர வேறு ஏற்பாடு தேவைப்படவில்லை. நடிப்பவர் அறையில் உள்ள பொருளை எடுக்கவோ சுட்டவோ கூடாது என்பதை வீட்டார் கண்டிப்பாக வகுத்தனர். நாட்டிய நூல்கள் அபிநயத்தை உடலால் ஆகிய ஆங்கிகம், பேச்சால் ஆகிய வாசிகம், உடை அணிகளால் ஆகிய ஆகார்யம், உள்ளத்து உணர்வு மெய்யில் வெளிப்படும் சாத்விகம் என நான்காகப் பிரிப்பதுண்டு. அந்நான்கில் நடு இரண்டையும் இவ்விளையாட்டு பறித்துக்கொள்கிறது.

தை 3

சித்தப்பாவுக்கு வந்தது ‘விண்ணைத்தாண்டி வருவாயா’. அவர் மூன்று விரல்களை உயர்த்தி, மின்விசிறிக்கும் மேலே கையைக் காட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இல்லாத ஒரு வரப்பைத் தாண்டினார். பிறகு எதிரே யாரோ நிற்பதைப் போல் விரல்களை மடக்கி அழைத்து, புருவங்களை மட்டும் உயர்த்தி அப்படியே நின்றார். சுண்டுவிரல் குறி அவருக்கு நினைவில்லை, தேவைப்படவும் இல்லை. வினா ஆகாரம் புருவத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டதால், சில நாள் முன்பு வகுத்த கொள்கையில் ஒரு விலக்கைச் சேர்க்க வேண்டியதாயிற்று. காது கேளாதோர் பயன்படுத்தும் சைகை மொழிகள் பலவற்றில் ஆம், இல்லை என்று விடை வேண்டும் வினாவுக்குப் புருவத்தை உயர்த்துவதே இலக்கணம் என்பதை இங்கு நினைக்கலாம். அவை முழுமையான மொழிகள். இம்மாலையின் கையாட்டல்கள் வெறும் சாடைகள். விளையாட்டின் பெயரில் உள்ள ‘டம்ப்’ என்னும் அடைமொழி இந்த வேறுபாட்டை அறியாமல் இடப்பட்டது, நல்ல சொல்லும் அன்று.

அடுத்து, மாடிவீட்டு மகளுக்கு ‘முள்ளும் மலரும்’ (1978) வந்தது. பரதநாட்டியம் பயின்றவராதலால் அவர் இரண்டாம் சொல்லையே முதலில் எடுத்து, விரல்களை விரித்துச் சுழற்றும் அலபத்மம் என்னும் முத்திரையைப் பிடித்தார். மலர்ந்த தாமரையைக் குறிக்கும் கை அது. அவருடைய அணியோ ‘சூரியன்’, ‘விசிறி’, ‘காலிஃபிளவர்’ என்று அடுக்கியது. அபிநய தர்ப்பணம் ஒற்றைக் கை முத்திரைகள் 28ஐத் தொகுத்துத் தந்திருப்பினும், பார்ப்பவரும் அதைப் பயின்றிருந்தாலொழிய முத்திரை பேசாது. ஒரு நிமிடம் கழிந்தபின் அவர் காதுமடலைப் பிடித்து இழுத்தார். ‘இனி நடிப்பது விடையன்று, விடையைப் போல ஒலிக்கும் வேறொரு சொல்’ என்பது அதன் பொருள். பிறகு குனிந்து, கண்ணுக்குத் தெரியாத வாளியிலிருந்து துணியை எடுத்து, இரு கையாலும் முறுக்கிப் பிழிந்து, ஓங்கி ஓர் உதறு உதறி, எட்டிக் கொடியில் போட்டார்; நீர் தெறித்ததைப் போல் முன்வரிசையில் இருந்த சிறுவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ‘துணி’, ‘கொடி’, ‘காயுது’ என்ற குரல்களுக்கு இடையே அத்தை மெதுவாக, “உலருது… உலரும்… மலரும்!” என்று சொல்ல, முள்ளை நடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் முழுப்பெயரும் வந்து விழுந்தது. இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகைக்குப் பழகிய காதுக்கு ‘உலரும்’ என்பதிலிருந்து ‘மலரும்’ ஓரடி தொலைவுதான்.

அத்துடன் ஆட்டம் நின்றது. முள், மலர் என்ற இரண்டையும் எண்ணிச் சொல்லும் எண்ணும்மை அது என்று சித்தப்பாவும், முள்கூட ஒருநாள் பூக்கும் என்று பொருள்படும் சிறப்பும்மையும் வினைமுற்றும் சேர்ந்த தொடர் அது என்று அத்தையும் பிடிவாதமாக நின்றனர். தமிழில் இரண்டுக்கும் இடமுண்டு; நடிப்பிலோ முதற்பொருளுக்குப் பூவைச் சுட்ட வேண்டும், இரண்டாவதற்குப் பூப்பதைச் செய்துகாட்ட வேண்டும். உலரும் துணி ஒலியால் மட்டும் துணை நின்றதால் வழக்கைத் தீர்க்கவில்லை. பேசாமலிருப்பதற்கென்று கூடிய கூட்டம் ஓர் உம்மைக்காக இரைந்ததில் வாழைக்காய் பஜ்ஜி ஆறிப்போனது.

கடைசிச் சுற்றில் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ மாப்பிள்ளையின் கைக்குப் போயிற்று. அவர் சீட்டைப் பிரித்துப் படித்தார், மனைவியைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், இரண்டு விரல்களை உயர்த்தினார். அதன்பிறகு இரண்டு நிமிடமும் அவர் கை கன்னத்துக்குப் போகவே இல்லை. இறுதியில் சுண்டுவிரல்களைக் கோத்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

தை 4

பட்டியல் திருத்தப்பட்டது. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வின் எதிரே ‘சொல் இரண்டு’ என்று குறிக்கப்பட்டது. ‘முள்ளும் மலரும்’ அடித்து நீக்கப்பட்டது. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ டப்பாவுக்கே திரும்பியது. சீட்டின் மூலையில் பென்சிலால், ‘சிறுவர் எடுத்தால் மட்டும்’.